காரில் ஏறுபவரும் குறுக்கே நடப்பவரும்

குடிக்காத, தூங்கி வழியாத, ஓட்டும்போது செல்போனை எடுத்துப் பார்க்காத, யார் மீதும் ஆத்திரப்படாத ஒரு டிரைவர் கிடைத்தால் வேண்டாமென்று சொல்வோமா?

அமெரிக்காவில் 2022-இல் மட்டும் சாலை விபத்துகளில் 42,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களில் 7,500 பேருக்கு மேல் நடந்து போனவர்கள். இந்தச் சாவுகளில் பெரும்பகுதிக்குப் பின்னால் கவனக்குறைவோ அவசரமோ போதையோ இருக்கிறது. இந்தக் குறைகள் எதுவுமில்லாமல் கணினியே ஓட்டுகிற காரை அந்த நாட்டு மக்கள் இரு கை நீட்டி வரவேற்றிருக்க வேண்டும். நடந்தது வேறு. பியூ ஆய்வு மையம் 2021-இன் இறுதியில் நடத்திய கருத்துக்கணிப்பில், வாய்ப்புக் கிடைத்தாலும் அதில் ஏறமாட்டோம் என்றவர்கள் 63 சதவீதம். இப்படிப்பட்ட கார்கள் பெருகுவது சமூகத்துக்கு நல்லது என்றவர்கள் 26 சதவீதம்தான். கெட்டது என்றவர்கள் 44 சதவீதம்.

இந்தப் புதிருக்குள் இன்னொரு புதிர் இருக்கிறது. ஓட்டுநரில்லாக் காரால் அதிகம் பயன்பெறக் கூடியவர்கள் யார்? கார் வாங்க வசதியில்லாதவர்கள், பேருந்து எட்டிப் பார்க்காத பகுதிகளில் குடியிருப்பவர்கள், முதியவர்கள், பார்வையற்றவர்கள். ஆனால் கணிப்புக்குக் கணிப்பு இதை ஆவலோடு எதிர்பார்ப்பவர்களாகத் தென்படுவது இளைஞர்கள், ஆண்கள், பட்டதாரிகள், நல்ல வருமானம் உள்ளவர்கள். தேவை ஒரு பக்கமும் நம்பிக்கை மறுபக்கமுமாக ஏன் நிற்கின்றன?

இந்தத் துறையில் இருக்கும் பலர் இதற்கு ஒரு விடையைக் கையிலேயே வைத்திருக்கிறார்கள்: மக்களுக்குத் தெரியவில்லை, விளக்கிச் சொன்னால் பயம் போய்விடும். எனக்கு அதில் உடன்பாடில்லை. தயங்குகிறவர்கள் மனதுக்குள் போடும் கணக்கைக் கூர்ந்து பார்த்தால், அது பல இடங்களில் பொறியாளர்களின் கணக்கைவிட முழுமையாக இருக்கிறது.

ஒரே அபாயம், இரண்டு எடை

1969-இல் சான்சி ஸ்டார் என்ற அமெரிக்க அணுசக்திப் பொறியாளர் 'சயன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு பாதுகாப்பு இருந்தால் மக்கள் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பார்கள் என்பது அவர் கேள்வி. விபத்துப் புள்ளிவிவரங்களை அலசியபோது அவர் கண்டது இது: தாமாக விரும்பி எடுத்துக்கொள்ளும் அபாயம், பிறர் தம்மீது சுமத்தும் அபாயத்தைவிடக் கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு பெரிதாக இருந்தாலும் மக்கள் அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். நம் அடுப்பில் நாம் சூடு பட்டுக்கொண்டால் தண்ணீரை ஊற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். அடுத்த வீட்டு அடுப்பின் பொறி நம் கூரையில் விழுந்தால் சும்மா இருக்க மாட்டோம்.

இதை ஓட்டுநரில்லாக் காருக்குப் பொருத்திப் பாருங்கள். செயலியில் முன்பதிவு செய்து, பணம் கட்டி உள்ளே அமர்கிறவர் தானே தேர்ந்து ஏறுகிறார். அதே கார் கடந்துபோகும் தெருவில் பேருந்துக்காக நிற்கும் பெண்மணியை யாரும் கேட்கவில்லை. காரும் மென்பொருளும் ஒன்றுதான், இருவர் மனதில் அந்த அபாயம் பெறும் எடை வேறு. பல கணிப்புகள் முதலில் 'நீங்கள் ஏறுவீர்களா?' என்று கேட்கின்றன. ஏறுவதற்கு வாய்ப்பே இல்லாதவரிடம் அது பாதிக் கேள்விதான்.

ஸ்டாருக்குப் பின் வந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக் இந்த ஆய்வை ஒரு தனித் துறையாகவே வளர்த்தார். அபாயம் உண்மையில் எவ்வளவு என்பது ஒன்று. அது மக்களுக்கு எவ்வளவாகத் தோன்றுகிறது என்பது இன்னொன்று. இரண்டாவதை 'இடர் உணர்வு' என்போம். 1994-இல் ஸ்லோவிக்கும் அவர் கூட்டாளிகளும் சுமார் 1,500 அமெரிக்கர்களிடம், அணுக்கழிவு முதல் மது வரை பல அபாயங்களை மதிப்பிடச் சொன்னார்கள். வெள்ளையின ஆண்கள் மட்டும் எல்லாவற்றையும் சிறியதாக மதிப்பிட்டார்கள். வெள்ளையினப் பெண்கள், கறுப்பின ஆண்கள், கறுப்பினப் பெண்கள் ஆகியோரின் மதிப்பீடுகள் ஏறத்தாழ ஒன்றோடொன்று ஒட்டி உயரத்தில் இருந்தன. இன்னும் தோண்டியபோது, வெள்ளையின ஆண்களிலும் எல்லோரும் அப்படி இல்லை, அவர்களில் சுமார் 30 சதவீதம் பேர்தான் சராசரியைக் கீழே இழுத்தார்கள் என்று தெரிந்தது. அவர்கள் மற்றவர்களைவிடப் படித்தவர்கள், அதிகம் சம்பாதிப்பவர்கள், நிபுணர்களையும் நிறுவனங்களையும் நம்புகிறவர்கள். தொழில்நுட்பங்களை உருவாக்குவதும் நிர்வகிப்பதும் அவற்றால் லாபம் பெறுவதும் பெரும்பாலும் இவர்களைப் போன்றவர்களே என்பதால் உலகம் இவர்களுக்குக் குறைந்த ஆபத்துள்ளதாகத் தெரிகிறது என்றார்கள் ஆய்வாளர்கள்.

இது ஆணின் இயல்பா, சமூகத்தில் அவர் இருக்கும் இடத்தின் இயல்பா? ஸ்வீடன் மக்களிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சோதனை. ஆண் பெண் சமத்துவத்தில் முன்னணியில் இருக்கும் அந்த நாட்டில், ஆண்களின் இடர் உணர்வுக்கும் பெண்களின் இடர் உணர்வுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆனால் வெளிநாட்டுப் பின்னணி கொண்டவர்களுக்கு அபாயங்கள் பெரிதாகவே தெரிந்தன. சமத்துவம் கிடைத்த இடத்தில் வேறுபாடு மறைந்திருக்கிறது, கிடைக்காத இடத்தில் நீடித்திருக்கிறது.

டெம்பியில் 5.6 விநாடிகள்

இனி ஒரு விபத்தை விநாடி விநாடியாகப் பார்ப்போம். அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்து 2019 நவம்பரில் முடிவு சொன்னதால், இதைப் போலத் துல்லியமாகத் தெரிந்த நிகழ்ச்சிகள் குறைவு.

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, இரவு 10 மணி வாக்கில். அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் மில் அவென்யூ என்ற அகலமான சாலை. வீடற்ற 49 வயதுப் பெண் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் குறுக்கே கடக்கிறார். உபர் நிறுவனம் சோதனைக்காக ஓட்டிக்கொண்டிருந்த வால்வோ கார் ஒன்று மணிக்குச் சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. ஸ்டீயரிங்கின் முன்னால் ஒரு கண்காணிப்பாளர் உட்கார்ந்திருக்கிறார். ஓட்டுவது கணினி.

மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்னால் ரேடார் அவரைக் கண்டுவிட்டது. அப்போது காருக்கும் அவருக்கும் இடையில் சுமார் 110 மீட்டர். அந்த வேகத்தில் அழுத்தி பிரேக் போட்டால் 30 மீட்டருக்குள் காரை நிறுத்திவிடலாம். அதாவது, தேவைக்கு மூன்று மடங்குக்கும் மேல் இடம் இருந்தது.

ஆனால் கண்டதும் கணினி அவரை 'வாகனம்' என்று பதிவு செய்தது. அரை விநாடிக்குள் லிடார் என்னும் லேசர் கண் 'வேறு ஏதோ பொருள்' என்றது. பிறகு மீண்டும் வாகனம், மீண்டும் வேறு பொருள், 2.6 விநாடி இருக்கும்போது சைக்கிள். ஒவ்வொரு முறை பெயர் மாறும்போதும், அந்தப் பொருள் அதுவரை எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற பழைய தடத்தை மென்பொருள் கணக்கில் எடுக்கவில்லை. தடம் தெரியாதபோது, அடுத்து அது எங்கே இருக்கும் என்று எப்படிக் கணிப்பது? சாலையை நிதானமாகக் கடந்துகொண்டிருந்த மனிதப் பிறவி, கணினிக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக முளைத்த பொருளாக இருந்தார்.

மோதலுக்கு 1.2 விநாடி இருக்கும்போதுதான் இது ஆபத்து என்று கணினி முடிவுக்கு வந்தது. உடனே பிரேக் போட்டதா? இல்லை. பொய் எச்சரிக்கைகளால் கார் தேவையில்லாமல் நிற்பதைத் தவிர்க்க, முழுதாக ஒரு விநாடி பொறுத்துப் பார்க்கும்படி அமைத்திருந்தார்கள். வால்வோவில் தொழிற்சாலையிலேயே வந்த அவசர பிரேக் வசதி, கணினி ஓட்டும் நேரத்தில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மோதலுக்கு 0.2 விநாடி இருக்கும்போது எச்சரிக்கை மணி ஒலித்தது. மணிக்குச் சுமார் 63 கிலோமீட்டர் வேகத்தில் கார் மோதியது. கண்காணிப்பாளரின் பார்வை அதற்கு முந்தைய விநாடிகளில் பெரும்பாலும் கைப்பேசியின் பக்கம் இருந்தது.

அந்த 5.6 விநாடிகளில் கணினி ஒருமுறைகூட அவரைப் பாதசாரி என்று அடையாளம் காணவில்லை. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் ஒருவர் சாலையைக் கடப்பார் என்ற சாத்தியத்தையே அந்த மென்பொருள் கணக்கில் கொள்ளவில்லை என்று வாரியம் எழுதியது.

ஜீப்ரா கிராசிங் எங்கே இருந்தது?

அவர் கடந்த இடத்திலிருந்து சுமார் 110 மீட்டர் தள்ளி. சாலையின் நடுத்திட்டில், நடைபாதையைப் போலவே தோற்றமளிக்கும் செங்கல் பாதை ஒன்று போடப்பட்டிருந்தது; அதன் மேல் 'இங்கே கடக்காதீர்' என்று பலகை. விபத்துக்கான காரணங்களில் அவர் கிராசிங்குக்கு வெளியே கடந்ததையும் வாரியம் குறிப்பிட்டது. நியாயம்தான். ஆனால் அமெரிக்க நகரங்களில் கிராசிங்குகளும் நடைபாதைகளும் தெருவிளக்குகளும் குறைவாக இருப்பது ஏழைகள் வாழும் பகுதிகளில். நடந்து போகையில் கார் மோதி இறப்பவர்களின் விகிதம் கறுப்பினத்தவரிடையிலும் பூர்வகுடிகளிடையிலும் வெள்ளையினத்தவரைவிட அதிகம். விதிப்படி நடப்பவரை மட்டும் எதிர்பார்க்கும் இயந்திரம், விதிப்படி நடக்க வசதி செய்து தரப்படாத தெருவில்தான் அதிகம் தவறும்.

இந்த விபத்து நடந்த அதே 2018-இல் 'மாரல் மெஷின்' என்ற உலகளாவிய ஆய்வின் முடிவுகள் வெளிவந்தன. பிரேக் பிடிக்காத கார் யாரை மோதலாம், யாரைக் காப்பாற்றலாம் என்று இணையத்தில் கேட்டு, 233 நாடுகள், ஆட்சிப்பகுதிகளிலிருந்து சுமார் 4 கோடி முடிவுகளைத் திரட்டியிருந்தார்கள். கேள்விப் படங்களில் வந்த பாத்திரங்களில் வீடற்றவரும் ஒருவர். சுவையான ஆய்வு, உலகமே பேசியது. டெம்பியில் மட்டும் அப்படி எந்த அறச்சிக்கலும் எழவில்லை. எவர் உயிர் பெரிது என்று கார் தராசு பிடிக்கவில்லை. எதிரே இருந்தவருக்கு அதன் பட்டியலில் இடமே இல்லை. எளிய மக்களின் பயம் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை என்பது என் எண்ணம்.

அந்த விபத்துக்கு முன்னும் பின்னும் நடந்ததையும் சேர்த்தே மக்கள் கணக்கிடுகிறார்கள். சோதனைக்கு முறையான அனுமதி பெறாததால் 2016 டிசம்பரில் கலிபோர்னியா உபரின் சோதனைக் கார்களின் பதிவை ரத்து செய்தது. அரிசோனா ஆளுநர் வரவேற்று அழைத்துக்கொண்டார். மாநில மேற்பார்வை போதவில்லை என்றும், நிறுவனத்தின் பாதுகாப்புப் பண்பாடு சரியில்லை என்றும் வாரியம் சொன்னது. ஆனால் நிறுவனத்தின் மீது குற்றவழக்குக்கு முகாந்திரமில்லை என்று அரசு வழக்கறிஞர் தரப்பு 2019-இல் முடிவு செய்தது. வழக்கைச் சந்தித்தவர் காரில் கூலிக்கு உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் மட்டுமே. அவர் 2023-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார்.

கேமரா யாரைக் கற்றது?

இயந்திரம் மனிதரை அடையாளம் காணக் கற்பது ஆயிரக்கணக்கான படங்களைப் பார்த்து. அதிகம் பார்த்ததை நன்றாகக் காணும். 2019-இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், பாதசாரிகளைக் கண்டறியும் பல நிரல்களைச் சோதித்தபோது, கருமையான தோல் உடையவர்களை அடையாளம் காண்பதில் துல்லியம் சராசரியாக 5 சதவீதப் புள்ளிகள் குறைந்தது. 2023-இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்களும் சீன ஆய்வாளர்களும் சேர்ந்து எட்டு நிரல்களைச் சோதித்தார்கள். தோல் நிறத்தால் ஏழரை சதவீத வேறுபாடு. பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இடையில் கிட்டத்தட்ட 20 சதவீதம்.

இவை சாலையில் ஓடும் கார்களுக்குள் இருக்கும் நிரல்கள் அல்ல, ஆய்வாளர்கள் எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தக் கூடியவை. லேசர் கண்ணுக்குத் தோல் நிறம் பெரிய பொருட்டுமில்லை. ஆனால் தங்கள் நிரல்களை வெளியார் சோதிக்க நிறுவனங்கள் திறந்து வைப்பதில்லை. கருமையான தோல் கொண்ட ஒருவர் 'என்னை இது பார்க்குமா?' என்று கேட்டால், அது பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.

ஒரே மேடையில் இரு வரிசை

2023 ஆகஸ்ட் 10. சான் பிரான்சிஸ்கோவில் வேமோ, குரூஸ் என்ற இரு நிறுவனங்களும் 24 மணிநேரமும் கட்டண டாக்ஸி ஓட்டலாமா என்று கலிபோர்னியா மாநில ஒழுங்குமுறை ஆணையம் முடிவெடுக்கும் நாள். பொதுமக்கள் மணிக்கணக்கில் பேசினார்கள். மாற்றுத்திறனாளிகள் இரு தரப்பிலும் இருந்தார்கள்.

பார்வையற்றோர் பலர் ஆதரித்தார்கள். அவர்களுக்குக் காரணம் உண்டு. வழிகாட்டி நாயுடன் நிற்பவரைக் கண்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடும் டிரைவர்கள் அமெரிக்காவில் சகஜம். அதே ஊர்ப் பகுதியில் ஒரு பார்வையற்ற பெண் 14 முறை மறுக்கப்பட்டதற்காக, 2021-இல் உபர் 11 லட்சம் டாலர் தர வேண்டுமென்று நடுவர் தீர்ப்பளித்தார். இயந்திரம் முகம் சுளிக்காது. காலமெல்லாம் இன்னொருவர் தயவில் பயணம் செய்தவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைக் கார் ஓட்டத் தெரிந்தவர்கள் முழுதாக உணர முடியாது.

சக்கர நாற்காலியில் இருந்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். தாங்களே ஏறி இறங்கக்கூடிய சாய்தளம் அந்தக் கார்களில் இல்லை. நாற்காலியை ஏற்றி, வார் கட்டி, பத்திரமா என்று கேட்க ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதரைத்தான் இத்தொழில்நுட்பம் நீக்குகிறது. 'மாற்றுத்திறனாளிகள் வரவேற்கிறார்கள்' என்று ஒரே வரியில் எழுதிவிடுபவர்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. ஆணையம் 3-க்கு 1 என்ற வாக்கில் அனுமதி தந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் டாக்ஸி ஓட்டுநர்களுக்கும் கோபம் உண்டு. அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு கடன் பத்திரம் இருக்கிறது. 2010 முதல் நகர நிர்வாகமே டாக்ஸி உரிமத்தை 2,50,000 டாலருக்கு விற்றது. வாங்கியவர்களில் கணிசமானோர் வேறு நாடுகளிலிருந்து குடியேறியவர்கள். சில ஆண்டுகளில் செயலி டாக்ஸிகள் வந்தன, உரிமத்தின் மதிப்பு சரிந்தது, கடன் மட்டும் மிஞ்சியது. புதிய தொழில்நுட்பம் எல்லோருக்கும் நல்லது என்ற வாக்குறுதியை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டவர்கள். இந்தியாவில் ஓட்டுநரில்லாக் கார்களை அனுமதிக்க மாட்டோம் என்று மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2017-இல் சொன்னபோதும் காரணமாக வைத்தது ஓட்டுநர்களின் வேலையைத்தான்.

சாலைகளுக்கும் இப்படி ஒரு பழைய கணக்கு உண்டு. 1956-க்குப் பின் அமெரிக்கா நாடு முழுக்க அதிவேக நெடுஞ்சாலைகள் போட்டபோது, செயின்ட் பால் நகரின் ரோண்டோ, மயாமியின் ஓவர்டவுன் போன்ற கறுப்பினக் குடியிருப்புகளின் நடுவே அவை வெட்டிக்கொண்டு போயின. வேகம் புறநகர்வாசிகளுக்குக் கிடைத்தது, இடிந்த வீடுகள் இவர்களுடையவை. இதைப் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவரிடம் 'புதிய போக்குவரத்துப் புரட்சி' என்றால் அவர் முதலில் தன் வீடு எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்பார்.

பணம் கட்டும் வழியும் சிக்கல்தான். ஸ்மார்ட்போனும் வங்கி அட்டையும் இல்லாமல் ஓட்டுநரில்லா டாக்ஸியைப் பொதுவாக அழைக்க முடியாது. 2021-இல் அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் 11.3 சதவீதத்துக்கு வங்கிக் கணக்கே இல்லை. வெள்ளையினக் குடும்பங்களில் அது 2.1 சதவீதம்.

பாதுகாப்பு கூடினால் போதுமா?

இயந்திரங்கள் மேம்பட்டிருக்கின்றன என்பதை மறைக்கக் கூடாது. ஆளில்லாமல் 5 கோடியே 67 லட்சம் மைல் ஓடிய தன் கார்களின் விபத்துகளை வேமோ 2025-இல் மனித ஓட்டுநர்களுடன் ஒப்பிட்டு வெளியிட்டது. படுகாயம் ஏற்படுத்திய விபத்துகள் 85 சதவீதம் குறைவு. பாதசாரிகள் காயம்பட்டவை 92 சதவீதம் குறைவு. எண்கள் நிறுவனத்தின் ஆய்வாளர்களே எழுதியவை என்றாலும் சக ஆய்வாளர்களின் சரிபார்ப்புக்கு உட்பட்டவை. நடப்பவர்களின் உயிரை இது காக்குமானால், முதலில் காப்பாற்றப்படுவோர் ஏழைகளே. அதனால் எனக்கு இத்தொழில்நுட்பத்தின் மேல் உண்மையான நம்பிக்கை இருக்கிறது.

அந்த நம்பிக்கையைக் குலைத்த சம்பவமும் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. 2023 அக்டோபர் 2 இரவு, மனிதர் ஓட்டிய கார் ஒன்று ஒரு பெண்ணை இடித்துத் தூக்கி எறிந்துவிட்டு ஓடிவிட்டது. அவர் குரூஸ் காரின் முன் விழுந்தார். கார் மோதி நின்றது; பிறகு, ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று தானே முடிவு செய்து, அடியில் சிக்கியிருந்தவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துச் சென்றது. அந்த இழுப்பைப் பற்றி அதிகாரிகளிடம் நிறுவனம் முழுமையாகச் சொல்லவில்லை. அதே மாதம் 24-ஆம் தேதி கலிபோர்னியா அதன் உரிமத்தை நிறுத்தி வைத்தது. 2024 நவம்பரில் பொய் அறிக்கை தந்ததை ஒப்புக்கொண்டு 5,00,000 டாலர் அபராதம் கட்ட குரூஸ் சம்மதித்தது. அடுத்த மாதமே அதன் உரிமையாளரான ஜெனரல் மோட்டார்ஸ் டாக்ஸித் திட்டத்தைக் கைவிட்டது. மென்பொருளின் பிழையை மக்கள் ஒருவேளை மன்னித்திருப்பார்கள். மறைத்ததை மன்னிக்க யாருக்கும் மனம் வரவில்லை.

கிராண்ட் ராபிட்ஸில் கேள்வி மாறியது

மினசோட்டா மாநிலத்தின் வடக்கே, பனி கொட்டும் சிற்றூர் கிராண்ட் ராபிட்ஸ். கார் ஓட்டாதவர்களுக்கு, குறிப்பாகச் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு, அங்கே மாலைக்கு மேல் வெளியே போய்வருவது பெரும்பாடு. ஊர்க்காரர்களே முன்னின்று கேட்டுப் பெற்ற 'கோமார்ட்டி' என்ற திட்டத்தில் 2022 இலையுதிர் காலத்தில் தானே ஓடும் வேன்கள் வந்தன. ஐந்தில் மூன்று வேன்களில் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். தொடக்கத்தில் கட்டணமில்லை. செயலி தெரியாதவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டுப் பதிவு செய்யலாம். வேனுக்குள் ஒரு பணியாளர் உண்டு. பனியில் கணினி திணறினால் ஓட்டுவதும் நாற்காலியைப் பொருத்திக் கட்டுவதும் அவர் வேலை.

ஓட்டுநரை நீக்குவதுதான் இத்தொழிலின் லாபக் கணக்கு என்பதால், முதலீட்டாளர்களுக்கு இது அரைகுறைத் திட்டமாகத் தெரியலாம். அந்த ஊரில் வேனை அதிகம் கூப்பிடுபவர்களுக்கோ உள்ளே ஆள் இருப்பதுதான் ஏறுவதற்குக் காரணமாக இருக்கலாம். திட்டம் நடப்பது அரசும் அறக்கட்டளைகளும் தரும் பணத்தில். அந்தப் பணம் நிற்கும் நாளில் பணியாளரின் சம்பளத்தை யார் தருவது என்பதற்கு இதுவரை எந்த நிறுவனமும் விடை தரவில்லை.